கோப்பையில் தூங்கியவன்

அந்தக் கம்பெனியில் ரப்பர் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவள் ரப்பர் அக்காதான். மேனேஜர் அவளைவிட ஏழு வயது பெரியவர். அவரும் அக்கா என்றே கூப்பிட்டார். பத்தொன்பது வருஷமாக அவள் பார்த்தது ஒரே வேலை. அழிப்பது.

எகிப்துக் கல்லறைகளின் சுவர் ஓவியங்கள் படமாக அவள் கம்ப்யூட்டருக்கு வரும். சுவரில் விரிசல் இருந்தால் அழிக்க வேண்டும். குளவிக்கூடு இருந்தால் அழிக்க வேண்டும். எந்தக் காலத்திலோ எந்த மகானுபாவனோ உளியால் கொத்திய மூக்கு இருந்தால், கொத்தை அழித்துவிட்டுப் பக்கத்து ஆளின் மூக்கை எடுத்து ஒட்ட வேண்டும். இப்படிக் குளித்துப் பவுடர் பூசிக்கொண்ட படம் காபிக் கோப்பையில் ஏறும், தட்டில் ஏறும், தலையணை உறை, கால்மிதி, குளியலறைத் திரை, குப்பைக்கூடை என்று ஒரு வீட்டில் எங்கெல்லாம் கொஞ்சம் வெற்றிடம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஏறும். செத்துப்போன பெரிய மனிதர் மறுமையில் பசியில்லாமல் இருக்க வேண்டும் என்று வரைந்து, வாசலை அடைத்து, முத்திரை வைத்து, இனி ஒருத்தன் கண்ணிலும் படக் கூடாது என்று விட்டுப்போன படங்கள் அவை. இப்போது ஜனங்கள் அவற்றில் கால் துடைத்தார்கள்.

கம்பெனியில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: பொருளில் சாவு தெரியக் கூடாது. தெரிந்தால் விற்காது. ஆகவே சவ ஊர்வலம், விலைப்பட்டியலில் ‘ஊர்வலம்’ ஆனது. தலைவிரித்து அழும் பெண்களின் கன்னத்துக் கண்ணீர்க் கோடுகளை ரப்பர் அக்கா ஒவ்வொன்றாக அழித்தாள். கையைத் தூக்கிக்கொண்டு கண்ணீர் இல்லாமல் நின்ற அந்தப் பெண்கள் ‘கொண்டாட்டம்’ என்ற பெயரில் குளியலறைத் திரையாக அமோகமாக விற்றுப்போனார்கள். பிணத்தைப் பதப்படுத்தும் நரித்தலைக் கடவுள் ‘நாய்ப் பிரியர்களுக்கு’ என்ற தலைப்பின் கீழ்க் கால்மிதி ஆனார்.

பழுதான சரக்கை ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். அதனால் அக்காவின் வீடு, உரிமையாளர் இன்னும் குடிவராத ஒரு நல்ல கல்லறை மாதிரி இருந்தது. காது கோணிய கோப்பைகள், நிறம் வழிந்த தட்டுகள், ஒரு பக்கம் மட்டும் அச்சான தலையணைகள். அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பகலெல்லாம் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதும் அவர் வலது கால் திடீர் திடீரென்று தரையை அழுத்தும். அவருடைய தங்கை முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். வாய்க்கும் மிஷினுக்கும் ஒரே வேகம்.

“அண்ணி, நேத்து ஒரு அம்மா அளவு குடுக்க வந்தாங்க. பாத்ரூமுக்குள்ள போனவங்க பாதியிலயே திரும்பி வந்துட்டாங்க. ‘உள்ள நிறையப் பேர் இருக்காங்க’ன்னாங்க.”

“திரையை ஓரமாத் தள்ளி விட்டிருக்கலாம்ல?”

“தள்ளுனா குப்பைக்கூடையில போட்ட சவப்பெட்டிப் படம் தெரியுது. பரவாயில்லையா?”

பதிலுக்குச் சிரிக்க நினைத்த ரப்பர் அக்காவால் சிரிக்க முடியவில்லை. வலது தோள் அப்போதுதான் சுருக்கென்று இழுத்தது. ஆறு மாதமாக அந்தத் தோள் அவளுக்கு விரோதி. பேனா போன்ற ஒரு குச்சியைப் பலகையில் தேய்த்துத்தான் அழிப்பது. ஒரு நாளைக்கு ஐயாயிரம் தடவை தேய்த்தால் சுவர் மீளும், தோள் மீளாது. வலப்பக்கம் படுத்தால் வலி. இடப்பக்கம் படுத்தால் வலது கை ஒரு வேண்டாத விருந்தாளி மாதிரி மேலே சாய்ந்து கிடந்தது. மல்லாந்து படுத்தால் நெஞ்சில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கோலத்தை அவள் வேலையில் நிறையப் பார்த்துவிட்டாள். கடைசியில் தூக்கமே போய்விட்டது. 

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். பாதி வரைக்கும்தான் வந்தது.

“பத்து நாள் இந்தக் கைக்கு எந்த வேலையும் குடுக்கக் கூடாது. குச்சி, பேனா, கரண்டி எதுவும் தொடாதீங்க. தூங்குங்க. இல்லேன்னா அடுத்த மாசம் கத்தி வைக்கணும். வச்சா பழையபடி வேலை செய்யுமான்னு என்னைக் கேக்காதீங்க.”

அதை அவரே காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். அக்கா அதை விடுப்பு விண்ணப்பத்தோடு சேர்த்து மேனேஜர் மேஜையில் வைத்தாள்.

மேனேஜர் இரண்டு தடவை படித்தார். “பத்து நாளா?”

“டாக்டர் எழுதியிருக்கார் சார்.”

“அவர் எழுதுவார். அவர் கைக்கு ஒண்ணுமில்லயே.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரே ஒரு ஆர்டர்க்கா. ஆறாயிரம் கப். அது சூளைக்குள்ள போற அன்னிக்கு நான் கையெழுத்துப் போடுறேன். நானே ஆட்டோ பிடிச்சு உங்களை ஏத்தி விடுறேன், போதுமா?”

விண்ணப்பம், காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த வண்டுப் பொம்மை போட்ட கண்ணாடிக் கனத்தின் அடியில் போனது. அந்தக் கனத்துக்கு அடியில் போன காகிதம் மறுபடி வெளிச்சத்தைப் பார்ப்பது குதிரைக் கொம்பு என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஆறாயிரம் கோப்பையும் ஆறாயிரம் பேர் வேலை செய்யும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு. ஆண்டு விழாவில் ஆளுக்கொரு கோப்பை. ‘சேர்ந்து விதைப்போம், சேர்ந்து அறுப்போம்’ என்பது அவர்களுடைய அந்த வருஷத்து வாசகம். (“யார் கழுத்தை?” என்று நாத்தனார் பின்னால் கேட்டாள்.) வாசகத்துக்குப் பொருத்தமாக மேனேஜர் தேர்ந்தெடுத்தது ஓர் அறுவடைக் காட்சி. நிலக்கணக்கு பார்த்த ஓர் அதிகாரி மூவாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் தன் கல்லறைச் சுவரில் வரைய வைத்தது. வரிசையாகக் கதிர் அறுக்கிறார்கள். கூடையில் அள்ளுகிறார்கள். மாடுகள் போரடிக்கின்றன. எழுத்தர்கள் குவியலை அளந்து எழுதுகிறார்கள். ஒரு கங்காணி கம்போடு நிற்கிறான். அவன் காலடியில் ஒருவன் குப்புறக் கிடந்து அடி வாங்குகிறான். அதிகாரி நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறார். செத்த பிறகும் தன் வயலில் வேலை நிற்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அந்த வகையில் நவீனமான மனிதர்.

இத்தனை அமளிக்கும் நடுவில் ஒரு மரம். கிளையில் ஒரு தண்ணீர்த் தோல்பை தொங்குகிறது. மரத்தடியில் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

படத்தைப் பார்த்து ஒப்புதல் தர அந்த நிறுவனத்து மனிதவள அதிகாரி போனில் வந்தார். மேனேஜர் ஒலிபெருக்கியைத் தட்டி அக்காவையும் பக்கத்தில் நிற்க வைத்தார்.

“படம் ரொம்ப அழகு சார். எல்லாரும் எவ்வளவு ஈடுபாட்டோட உழைக்கிறாங்க! ஒரே ஒரு சின்ன விஷயம். அந்த மரத்தடியில ஒருத்தர் இருக்காரே, அவர் என்ன பண்றார்?”

மேனேஜர் அக்காவைப் பார்த்தார்.

“தூங்குறார் மேடம்,” என்றாள் அக்கா.

மறுமுனையில் குரல் கொஞ்சம் இறங்கியது.

“வேலை நேரத்துலயா?”

“மதியமா இருக்கும் மேடம்.”

“இல்ல, இது எங்க ஊழியர்கள் கையில தினமும் இருக்கப் போற கப். தப்பா ஒரு செய்தி போயிடக் கூடாது பாருங்க. அவரை எழுப்பிட முடியுமா?”

“தாராளமா!” என்றார் மேனேஜர், அவனுடைய சொந்த மாமா மாதிரி.

எழுப்புவதைவிட எடுத்துவிடுவது சுலபம் என்று அக்காவுக்குத் தோன்றியது. மரத்தடியைக் காலியாக்கி அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது: மரத்தடி வெறிச்சென்று இருக்கிறது, தண்ணீர்ப்பை இருக்கிறது, ஆள் இல்லை, யாரோ வேலையை விட்டுப் போன மாதிரித் தோன்றுகிறது, எங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் போகிறார்கள், தயவுசெய்து அதை நினைவுபடுத்த வேண்டாம்.

ஆகவே அவனை எழுப்புவது என்றே முடிவானது. பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்தவனின் உடம்பை நகலெடுத்தாள். தூங்குகிறவனின் தலையைத் திருகி அதன்மேல் வைத்தாள். மூடியிருந்த இமைக்கோட்டை அழித்துத் திறந்த கண் ஒன்று வரைந்தாள். கையில் அரிவாள் கொடுத்தாள். மூவாயிரம் வருஷமாகத் தூங்கியவனை எழுப்ப இரண்டரை மணி நேரம் ஆனது. எழுந்தவன் முகத்தில் எழுந்த சந்தோஷம் ஒன்றும் இல்லை. யார் முகத்தில்தான் இருக்கிறது?

பதில் வந்தது: அருமை, ஆனால் இவருக்கு இரண்டும் இடது கால்.

“அவங்க எல்லாருக்குமே ரெண்டும் இடது கால்தான் சார்,” என்றாள் அக்கா. “அந்தக் காலத்துல அப்படித்தான் வரைவாங்க.”

“அது அவங்க பிரச்சினை. மாத்திடுங்க.”

“எல்லாருக்குமா? அறுபத்து மூணு பேர் சார்.”

“அறுபத்து மூணு கால்தானே, இன்னொண்ணு சரியாத்தானே இருக்கு.”

அறுபத்து மூன்று காலுக்குக் கட்டைவிரலை இடம் மாற்றினாள். பிறகு கங்காணியின் கம்பு பயமுறுத்துகிறது என்றார்கள். கம்பை எடுத்தாள். ஓங்கிய கை மட்டும் நின்றது. கங்காணி இப்போது யாருக்கோ டாட்டா காட்டினான். குப்புறக் கிடந்து அடி வாங்கியவனைப் பற்றிக் கேட்டார்கள். மேனேஜர் யோசிக்காமல் “உடற்பயிற்சி” என்று பதில் அனுப்பினார். அது அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. இன்னும் இரண்டு பேரைப் படுக்கவைக்க முடியுமா என்று கேட்டார்கள். படுக்கவைத்தாள்.

இதற்குள் பதினெட்டு நாள் ஓடிவிட்டது. வண்டுக்கு அடியில் விண்ணப்பம் அப்படியே இருந்தது. அக்காவால் தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லை. காலையில் நாத்தனார் வாரிவிட்டாள்.

“அண்ணி, நிமிந்து உக்காருங்க. தலை தொங்குது.”

“முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“முழிச்சுக்கிட்டு இருக்குற முகமா இது? கண்ணாடியைப் பாருங்க, பயந்துடப் போறீங்க. அண்ணா, நீயாவது அந்த மேனேஜர்கிட்ட பேசேன்.”

சோபாவில் இருந்த கணவரின் வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தியது. “நான் பேசுனா சண்டை வரும். அப்புறம் லீவு நிரந்தரமாயிடும்.”

இங்கே தொழில் சமாசாரம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரிப் படங்கள் கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஓர் அடுக்கில் மாடு, ஓர் அடுக்கில் மரம், ஓர் அடுக்கில் ஆள். ஒவ்வோர் அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு கண் படம். கண்ணை அமுக்கினால் அந்த அடுக்கு மறைந்துகொள்ளும், அழியாது. அனுபவசாலிகள் எதையும் உண்மையில் அழிப்பதில்லை. இன்றைக்கு வேண்டாம் என்பவர் நாளைக்கு வேண்டும் என்பார் என்று அவர்களுக்குத் தெரியும். ஊரே ரப்பர் என்று கூப்பிட்ட அக்காவும், கம்பையும் பழைய கால்களையும் ஒப்புதல் வந்ததும் நீக்கிவிட்டாலும், தூங்கியவனை அழிக்கவில்லை. கண்ணை மூடி மறைத்துத்தான் வைத்திருந்தாள். ஆனால் அச்சுப் பிரிவின் கம்ப்யூட்டர் பழையது. அதற்கு இந்தக் கண் விவகாரம் புரியாது. உள்ளே இருப்பதை எல்லாம் அச்சடித்துவிடும். ஆகவே அனுப்பும் முன் மறைத்தவற்றை நீக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி அக்காவின் எதிர்ச் சுவரில், அக்காவின் கையெழுத்திலேயே ஒட்டியிருந்தது.

பத்தொன்பதாம் நாள் இறுதி ஒப்புதல் வந்ததும் அவள் படத்தை அப்படியே அனுப்பினாள். நீக்கவில்லை. நீக்கும் பொத்தான் இருந்த மூலைக்குக் கை போகவில்லை, அவ்வளவுதான்.

இத்தோடு போயிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். ஏனென்றால் மொத்தத்தையும் சுடுவதற்கு முன் ஒரே ஒரு மாதிரிக் கோப்பை செய்து அவளிடம் வரும். அச்சடித்த ஒட்டுப்படத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, கோப்பையில் வழுக்கி ஒட்டி, சூளையில் சுட்டு எடுப்பார்கள். வெந்த படத்தைக் கடவுளே வந்தாலும் அழிக்க முடியாது. அதனால் மாதிரியைப் பார்த்து ‘சரி’ என்று ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் சூளை மேஸ்திரி மீதிக்கு நெருப்பு வைப்பார்.

மேஸ்திரி கோப்பையோடு வந்தபோது மத்தியானம் மூன்று மணி. “அக்கா, சூடு இன்னும் ஆறல. பார்த்துப் பிடிங்க.”

அக்கா இடது கையால் வாங்கினாள். மெல்லச் சுற்றினாள். மாடு இருந்தது. எழுத்தர்கள் இருந்தார்கள். கங்காணி டாட்டா காட்டினான். மூன்று பேர் உடற்பயிற்சி செய்தார்கள். மரம் வந்தது. மரத்தடியில் ஒருவன் அரிவாளோடு விழித்து நின்றான். அவன் காலடியில் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்கினான். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோப்பையின் சூடு உள்ளங்கைக்கு இதமாக இருந்தது.

“சரியா இருக்கா?”

“சரியா இருக்கு,” என்று கையெழுத்துப் போட்டாள்.

கோப்பைகள் சூளைக்குப் போன அன்று மேனேஜர் வெளியூரில் இருந்தார். விண்ணப்பத்தில் கையெழுத்து வந்ததும் போகலாம் என்று அக்கா காத்திருந்தாள். மேனேஜர் திரும்பி வந்ததும், சரக்கு போய்ச் சேர்ந்ததும், மனிதவள அதிகாரி முதல் பெட்டியைப் பிரித்ததும் ஒரே நாளில் நடந்தது. ஒலிபெருக்கியைத் தட்டத் தேவையே இருக்கவில்லை. போனில் வந்த குரல் மூன்று மேஜை தள்ளிக் கேட்டது.

“ஒருத்தரே எப்படி சார் ரெண்டு இடத்துல இருப்பார்? ஒருத்தர் வேலை பார்க்கிறார், அவரே கீழ தூங்குறார்! எங்க ஆளுங்க பிரிச்ச உடனே என்ன கேட்டாங்க தெரியுமா? ‘மேடம், இதுல ரெண்டு பேருக்கும் சம்பளம் போடுவீங்களா?’ன்னு கேட்டாங்க!”

ஆறாயிரம் கோப்பையும் திரும்பி வந்தன. மறுநாளே விசாரணைக் குழு போட்டார்கள். மேனேஜர், மேஸ்திரி, செக்யூரிட்டி அதிகாரி ஆகிய மூவர். நடுவில் மேஜைமேல் சாட்சியாக ஒரு கோப்பை.

“நான் கையெழுத்தைப் பார்த்துத்தான் நெருப்பு வச்சேன்,” என்று மேஸ்திரி கையைக் கழுவிக்கொண்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அக்காவின் தோள் கதை அவருக்கும் தெரியும்.

“மறைச்சதை நீக்காம அனுப்பிச்சீங்க. சரி, மனுஷங்கதான். ஆனா கண்ணு முன்னால கப் வந்துச்சே அக்கா, அப்பவாவது பார்க்கலையா?” என்றார் மேனேஜர்.

“பார்த்தேன் சார்.”

“ரெண்டு பேர் இருந்தாங்களே?”

“இருந்தாங்க.”

“அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?”

அக்கா யோசித்தாள். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். “சரியாத்தான் தெரிஞ்சுது சார். ரெண்டும் ஒரே ஆள்னு எனக்குத் தோணவே இல்ல. தூங்குறவனுக்கு மாத்து ஆள் வந்துட்டான்னு நினைச்சேன்.”

செக்யூரிட்டி அதிகாரி இதை எழுதிக்கொண்டே வந்தவர், ‘மாத்து ஆள்’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். அவரும் பதினான்கு மணி நேரமாக வாசலில் மாற்று ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தவர்தான். மேஸ்திரி ஜன்னலைப் பார்த்தார். மேனேஜர் மட்டும் தொண்டையைச் செருமி, இது மிகவும் கடுமையான விஷயம் என்றும், குழு மறுபடி கூடும் வரை அக்கா தற்காலிக வேலை நீக்கம் என்றும் சொன்னார்.

“எத்தனை நாள் சார்?”

“பத்து நாள்.”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தான் சொன்னது அவருக்கே கேட்கவில்லை போலிருக்கிறது.

உத்தரவை டைப் அடித்தவர் புதிதாக எதையும் யோசிக்கவில்லை. போன வருஷம் கிடங்கில் திருடிய ஒருவனுக்கு எழுதிய காகிதத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினார். மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து அவ்வளவு சீக்கிரம் அவரிடமிருந்து வரும் என்று அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் நாத்தனார் அந்த உத்தரவை மிஷினை நிறுத்திவிட்டு உரக்கப் படித்தாள்.

“‘பத்தி ஐந்து. மேற்படி நபர் இக்காலத்தில் நிறுவன வளாகத்தில் நுழையவோ, கருவிகளைத் தொடவோ, நேரிலோ தொலைபேசியிலோ பணி தொடர்பாக எவருடனும் பேசவோ கூடாது. மீறினால் நீக்கக் காலம் இரட்டிப்பாகும்.’ அண்ணி, என்ன இது, கைதி மாதிரி!”

“கருவியைத் தொடக் கூடாதுன்னு இருக்கா?”

“இருக்கு.”

“டாக்டரும் அதைத்தான் சொன்னார்.”

“அரைச் சம்பளம்தான் வரும் போல,” என்றார் கணவர். கொஞ்சம் யோசித்தார். “சரி விடு. கத்தி வச்சா முழுசாப் போயிடும்.”

முதல் இரண்டு நாளும் அவள் தூங்கினாள் என்று சொல்ல முடியாது, விழுந்து கிடந்தாள். மூன்றாம் நாள்தான் தோள் கொஞ்சம் அடங்கி, நிஜமான தூக்கம் வந்தது. பகல் பதினொன்றுக்குக் கண் சொருகினால் சாப்பாட்டுக்கு எழுப்ப வேண்டியிருந்தது. நாலாம் நாள் கை காது வரைக்கும் உயர்ந்தது. நாத்தனார் அதைப் பார்த்துக் கைதட்டினாள்.

ஐந்தாம் நாள் காலையிலிருந்து போன் அடித்தது. மேனேஜர். எடுக்கவில்லை. ஏழு தடவை அடித்தபின் நின்றது. மத்தியானம் வாசலில் ஆளே வந்து நின்றார். சட்டை கசங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். ஐந்து நாளில் மனிதருக்கு ஐந்து வயது ஏறியிருந்தது.

நாத்தனார் வழியை மறித்து நின்றாள். “அண்ணிகிட்ட பேசக் கூடாது சார். உங்க கையெழுத்துத்தான் போட்டிருக்கு.”

“அம்மா, அது சும்மா ஒரு முறைக்கு...”

“முறைன்னா முறைதான். உக்காருங்க. என்கிட்ட சொல்லுங்க, நான் அண்ணிகிட்ட சொல்றேன்.”

அக்கா நாலடி தள்ளி நாற்காலியில், மடியில் தலையணை வைத்து அதன்மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டது. மேனேஜர் வேறு வழியில்லாமல் தையல் மிஷினைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அந்த நிறுவனம் இன்னும் மூன்று நாள்தான் தவணை கொடுத்திருக்கிறது. தூங்குகிறவனை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஆறாயிரம் சுட வேண்டும். ஆனால் படத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு அடுக்கு இருக்கிறது. ஒன்றுக்கும் பெயர் இல்லை, அச்சுக்குப் போன படத்தில் கண்ணும் இல்லை, வெறும் எண்தான். அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார். ஒரு தடவை மரம் போய்விட்டது. ஒரு தடவை எல்லாருடைய வலது காலும் போய்விட்டது. நேற்று எப்படியோ படத்து அதிகாரியின் தலையில் மாட்டுக் கொம்பு முளைத்துவிட்டது. அதை எடுக்கத் தெரியவில்லை.

“அவன் எத்தனாவது அடுக்குல இருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கம்மா.”

“அண்ணி, அவன் எத்தனாவது அடுக்குலன்னு கேக்குறார்.”

எண் அக்காவுக்குத் தெரியும். நாக்கு நுனியில் நின்றது. பத்தொன்பது வருஷப் பழக்கம். யாராவது கேட்டால் வாய் தானாகத் திறந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டாள். 

“நான் வேணா வேலை நீக்கத்தை இப்பவே ரத்துப் பண்ணிடுறேன்,” என்றார் மேனேஜர். “இன்னிக்கே வந்து முடிச்சுக் குடுத்துட்டு, அப்புறம் அந்தப் பத்து நாள் லீவு எடுத்துக்கட்டும். சத்தியமா போடுறேன்.”

“அண்ணி, ரத்துப் பண்றாராம். அப்புறமா லீவு தர்றாராம்.” நாத்தனார் மேனேஜர் பக்கம் திரும்பினாள். “அந்த ‘அப்புறம்’ எத்தனை நாள்ல வரும் சார்? போன தடவை பத்தொன்பது நாளுக்கு மேல ஆகியும் வரலியே.”

மேனேஜர் நெற்றியைத் தடவினார். குச்சியைப் பிடித்துப் பழகாத கை. மூன்று நாள் தேய்த்ததில் விரல் வீங்கியிருந்தது. மணிக்கட்டை மற்றக் கையால் அமுக்கிக்கொண்டார். அந்த அமுக்கு எந்த இடத்து வலிக்கு என்று அக்காவுக்கு அப்படியே தெரிந்தது. முதல் வருஷம் அங்கேதான் வலிக்கும். தோளுக்கு ஏற இன்னும் நாளாகும்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ரத்தானால் இன்று போக வேண்டும். இன்று போனால் காது வரைக்கும் வந்த கை மறுபடி கீழே இறங்கிவிடும். அடுத்தது கத்தி. அவள் மனதுக்குள் அந்த உத்தரவை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். நுழையவோ, தொடவோ, பேசவோ கூடாது. மீறினால்.

“எண்பத்தெட்டு,” என்றாள் அக்கா.

மேனேஜரும் நாத்தனாரும் ஒன்றாகத் திரும்பினார்கள்.

“எண்பத்தெட்டாவது அடுக்கு சார். அதை மட்டும் நீக்குங்க. வேற எதையும் தொடாதீங்க. கொம்பு இருநூத்தி மூணுல இருக்கும், அதையும் எடுத்துருங்க.”

மேனேஜர் அவசரமாகப் பேனாவைத் தேடி உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். “அக்கா, நீங்க நல்லா இருப்பீங்க...”

“இப்ப நான் பணி தொடர்பா உங்ககிட்ட பேசிட்டேன் சார். நேர்ல. சாட்சியும் இருக்கு.” அவள் நாத்தனாரைக் காட்டினாள். “பத்தி அஞ்சு. பத்து நாள் நீக்கம் இருபது நாளாயிடுச்சு. போனதும் எழுத்துல குடுத்து அனுப்பிடுங்க.”

மேனேஜர் வாயைத் திறந்தார். மறுக்க நினைத்தார், மறுக்க வேண்டுமானால் அவள் பேசவில்லை என்று சொல்ல வேண்டும். பேசவில்லை என்றால் உள்ளங்கையில் இருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று குழு கேட்கும். குழுவில் செக்யூரிட்டி அதிகாரி இருக்கிறார். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறவர்.

“அவன் பாவம், நல்லாத் தூங்கிட்டிருந்தான். அவனைப் போய்...” என்றாள் நாத்தனார்.

“அவன் மூவாயிரம் வருஷம் தூங்கியாச்சு,” என்று அக்கா இடது கையை ஊன்றி மெல்ல எழுந்தாள். “நான் இன்னும் மூணு நாள்கூட முழுசாத் தூங்கல.”

தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டில் கிரீச்சிட்டது. பிறகு சத்தமில்லை.

மேனேஜர் உள்ளங்கையைப் பார்த்தார். எழுந்து செருப்பைத் தேடினார்.

“எழுத்துல மறந்துடாதீங்க சார்,” என்று நாத்தனார் ஊசியில் நூலைக் கோத்தாள். “கதவை மெதுவாச் சாத்திட்டுப் போங்க.”